கதவைத் திரும்பப் போடச் சொன்னவர்

தான் முன்பு சொன்னது பிழை என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னால், அதற்குப் பிறகு அவரை நாங்கள் கூடுதலாக நம்ப வேண்டுமா, குறைவாக நம்ப வேண்டுமா? நாலு வருடமாக இதை யோசிக்கிறேன். ஒருநாள் ஒரு பதில் சரியாகத் தெரிகிறது. அடுத்த நாள் மற்றது.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்கு விருப்பமாக இருக்குமோ தெரியாது. கேட்கலாமென்றால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் பிசியோ மிஸ் என்றார்கள். எங்கள் ஊரான களுதாவளையில் கதவு மிஸ் என்றார்கள். அந்தப் பெயர் வந்ததில் எங்கள் வீட்டுக் கதவுக்கும் ஒரு பங்கு உண்டு.

என் மகள் பிறந்து ஐம்பது நாள் இருக்கும். அவளைக் குளிக்க வார்ப்பதற்குக் குனிந்தபோது நாரியில் ஏதோ கொளுவிக்கொண்டது. முதுகின் அடிப்பகுதியைத்தான் நாங்கள் நாரி என்கிறோம். நிமிர முடியவில்லை. அம்மா ஓடிவந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினார். அதன்பின் என் பிள்ளையை என்னால் தூக்க முடியவில்லை. பால் கொடுப்பதற்குக்கூட யாராவது கொண்டுவந்து பக்கத்தில் கிடத்த வேண்டும்.

எந்தக் காலமாக இருந்தாலும் ஒரு தாய்க்கு அது கவலைதான். அது ஷெல் சத்தமும் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பும் மாறி மாறி வந்த காலம். சத்தம் கிட்டக் கேட்டால் ஊர் முழுக்கப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடும். எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்து போகக் கால் மணித்தியாலம். அம்மாவுக்கு இழுப்பு வருத்தம், வெறுங்கையோடு ஓடுவதே பெரிய பாடு. கணவருக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில் வேலை, பகலெல்லாம் டவுனில். பகலில் ஓட வேண்டி வந்தால் பிள்ளையை யார் தூக்குவது? அப்போது எனக்கிருந்த ஒரே கேள்வி அதுதான்.

மிஸ் புதன்கிழமைகளில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வருவார். அவருடைய ஊர் தன்னாமுனை. பஸ் ஓடினால் பஸ், ஓடாவிட்டால் சைக்கிள். நெடுத்த, மெலிந்த ஆள். நோயாளியைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எந்த நாரி நோவுக்கும் முதலில் மூன்று கேள்வி கேட்பார், கேட்ட பிறகுதான் தொடுவார்.

"கால் சத்தில்லாம இழுபடுதா? அடித்தொடைப் பக்கம் விறைச்சிக் கிடக்கா? சலம் போறது தெரியுதா, தெரியாமப் போகுதா?"

மூன்றுக்கும் நான் "இல்ல மிஸ், அப்படி ஒண்டும் இல்ல" என்றேன். பிறகு பயந்து, "அப்படி வருமா மிஸ்?" என்று கேட்டேன்.

"வந்தா அண்டைக்கே ஓடி வாங்க. வராததுக்கு இப்ப பயப்பட வேணாம் புள்ள."

பிறகு சொன்னார்: மெத்தையில் படுக்காமல் பலகையில் படுக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே தலையணை, மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், குளிக்கவும் சலம் கழிக்கவும் மட்டும் எழும்பலாம். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். தொண்டர் ஆசிரியையாக இரண்டு வருடம் படிப்பித்த பழக்கம், சொன்னதையெல்லாம் எழுதுவேன்.

பலகைக்கு எங்கே போவது? மரம் ஏற்றி வருவதென்றால் ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். கடைசியில் என் கணவர் சமைக்கிற குசினியின் பின்கதவைப் பார்த்தார். அம்மாவும் அதைப் பார்த்தார்.

"அது உன்ட அப்பா முதிரை மரத்துல செய்விச்ச கதவு. உனக்கெண்டு சீதனத்துக்குக் கட்டின வீடு இது. கதவக் கழட்டிக் கட்டில்ல போடுறதுக்கா அந்த மனிசன் பாடுபட்டார்?" என்றார் அம்மா.

"மாமி, கதவு வீட்டுக்குள்ளதானே இரிக்கப் போகுது. எங்கயும் போகாது" என்றார் கணவர்.

கழற்ற வந்த ஓடாவியார், எங்கள் ஊர்த் தச்சர், திருகாணிகளை ஒரு சிரட்டையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். "பத்திரமா வைங்க பெரியம்மா. இந்த ஒழுங்கையில இது மூண்டாவது கதவு. இந்த மிஸ் இன்னும் ஒரு வருசம் இஞ்ச வந்தாவெண்டா எனக்கு வேற தொழில் தேவையில்ல" என்றார். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டோம்.

மூன்று கிழமை முடிந்தது. நோ கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் மூன்று கிழமை போதுமோ என்று எனக்குச் சந்தேகம். இன்னும் ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று இருந்தேன். பிறகு இன்னும் ஒன்று. இப்படி ஆறு கிழமையானது. யாரும் சொல்லாமல், கெட்டிக்காரத்தனமாக நானே செய்தது அது. எழும்பி நின்றால் கால் நடுங்கியது. தலை சுற்றியது. நாரி முன்பைவிடப் பிடித்தது. பார், இன்னும் சுகமாகவில்லை, இன்னும் படுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாவது கிழமையில் ஒரு சுற்றிவளைப்பு வந்தது. இரண்டு ஆமிக்காரர் பின்பக்கமாக வந்து சாக்கை விலக்கினார்கள். ஒருவர் கதவில்லாத வாசல் நிலையைப் பார்த்து, கொளுக்கி இருந்த ஓட்டைகளை விரலால் தடவி, அம்மாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். யார் இந்த வழியால் ஓடினது என்று கேட்கிறார் போலத் தெரிந்தது. அம்மா என் கட்டிலைக் காட்டினார். அவர் வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கீழே கதவு, பிடியோடு. மேலே நான், பக்கத்தில் பிள்ளை. மற்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்கள். அவர்கள் பிள்ளையைத் தூக்கச் சொல்லி, எழும்பி வெளியே வரச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அதே கிழமைதான் என் சிநேகிதிக்குக் கடிதம் எழுதினேன். டவுனில் விடுதியில் இருந்து படித்த காலத்தில் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவள். மாங்கேணியில் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். வலை இழுக்க உதவி செய்தபோது நாரி பிடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லை, என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தாள். நான் இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். கதவு, தலையணை, முழங்கால் எல்லாவற்றையும் அடிமட்டம் வைத்துப் படமாகக் கீறினேன். மூன்று கிழமை என்று மிஸ் சொன்னதை, "குறைந்தது ஆறு கிழமை" என்று மாற்றி எழுதினேன். அவள் பதில் போட்டாள்: "நீ படித்தவள், உனக்குத் தெரியும். இவர் இன்றைக்கே கதவைக் கழற்றிவிட்டார்." அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பாதை பூட்டப்பட்டது. கடிதம் போகவும் இல்லை, வரவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பத்து மணிபோல மிஸ் எங்கள் படலை வாசலில் நின்றார். சைக்கிளில் வந்திருந்தார். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. கல்லடிப் பாலத்தில் ஆமிக்காரர் இறக்கி ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தார்களாம். உள்ளே வந்து என் கட்டிலைப் பார்த்தார்.

"இன்னுமா படுத்திரிக்கீங்க? நான் மூண்டு கிழமைதானே சொன்னன்?"

"நல்லா வரட்டும் எண்டு மிஸ்..."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நான் அந்த மூண்டு கிழமை சொன்னதே பிழை. அதச் சொல்லத்தான் வந்தன்."

அம்மா தேத்தண்ணி ஊற்றப் போனவர் அப்படியே நின்றார்.

மிஸ் விளக்கினார். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் சில கடதாசிகளை விட்டுப் போயிருந்தார். அகராதி வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தாராம். நாரி நோ வந்த ஆட்களில் ஒரு பகுதியைப் படுக்கச் சொல்லி, மற்றப் பகுதியை ஏலுமானபடி நடமாடச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். நடமாடினவர்களுக்குத்தான் கெதியாகச் சுகம் வந்திருக்கிறது. படுத்துக் கிடந்தவர்களுக்குத் தசை சோர்ந்து, பயம் கூடி, நோ நீண்டு போயிருக்கிறது. "நாங்க படிக்கிற காலத்துல படுக்கச் சொல்லித்தான் படிப்பிச்சாங்க. நானும் வாற ஆக்களுக்கெல்லாம் அதையே சொன்னன். கிளினிக் புத்தகத்தப் பாத்துப் பேரெல்லாம் எழுதி எடுத்திரிக்கன். உங்கட வீடு இண்டைக்கு ரெண்டாவது."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இந்தப் புள்ள ஆறு கிழமையாக் கதவுல கிடந்தது சும்மாவா? நாளைக்கு வேற ஒரு கடதாசி வந்தா என்ன சொல்லுவீங்க?"

"வந்தா நாளைக்கும் வருவன்" என்றார் மிஸ்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் நம்பியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்றுதான் தெரியவில்லை.

பிறகு அவர் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "நான் சொன்னத நீங்க வேற ஆருக்கும் சொன்னீங்களா? சொல்லியிரிந்தா அவங்கட பேரையும் தாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். அம்மாவுக்குக் கடிதம் தெரியும். படித்த பிள்ளை, எல்லாம் தெரிந்தவள் மாதிரிப் படம் கீறி அனுப்பியதை எப்படிச் சொல்வது? "இல்ல மிஸ்" என்றேன். மிஸ் தலையாட்டிவிட்டு எழும்பினார்.

அன்று என்னை முற்றம் வரை நடக்க வைத்தார். இரண்டு முறை. "நோகுது மிஸ்" என்றேன். "நோகும் புள்ள. நோகுது எண்டதுக்காக உள்ளுக்க ஏதும் உடையுது எண்டில்ல. ஆறு கிழமை கட்டிப்போட்ட மாட்ட அவிழ்த்துவிட்டாலும் முதல்ல நொண்டித்தான் நடக்கும்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கும் நொந்தது.

அடுத்த சனிக்கிழமை தேங்காய் ஒன்றைத் தூக்கச் சொன்னார். பிறகு இரண்டு தேங்காய் போட்ட கடகம். நான் பத்துத் தரம் என்று கொப்பியில் எழுதிவைத்து, பத்துத் தரம் தூக்கி, பதினோராவது தரம் தூக்கினால் ஆபத்தா என்று கேட்டேன். அவர் என் கொப்பியை வாங்கி மூடி அலுமாரிக்கு மேலே வைத்தார். "எண்ணாதீங்க. பாட்டுப் படிச்சிக்கிட்டுத் தூக்குங்க." மூன்றாவது சனிக்கிழமை மகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இவள் மூண்டு தேங்காயளவு இரிப்பாள். உடம்போட அணைச்சிப் பிடிச்சிக்கிட்டு ஒழும்புங்க." நான் எழும்பினேன். அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார், பிள்ளை விழுந்தால் பிடிக்க. பிள்ளை விழவில்லை.

ஓடாவியார் சிரட்டையைக் கேட்டு வாங்கித் திரும்பவும் கதவை நிலையில் மாட்டிப் பூட்டினார். "கழட்டுறதுக்கும் இவவாலதான் வேல, பூட்டுறதுக்கும் இவவாலதான் வேல. இப்படி ஒரு மனிசிய நான் காணல்ல." கதவு மிஸ் என்ற பெயரை ஊருக்குக் கொடுத்தது அவர்தான். மிஸ்ஸின் சைக்கிள் எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் திரும்பினால் பிள்ளைகள், "கதவு மிஸ் வாறா, கதவப் பிடிச்சிக்கங்க" என்று கத்துவார்கள். அவர் மணியை அடித்துக்கொண்டே போவார்.

எல்லா வீட்டிலும் அவரை நல்லபடியாக வரவேற்றார்கள் என்றில்லை. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். துரவு என்கிற மணற்கிணற்றில் இறங்கி, இரண்டு பூவாளியில் தண்ணீர் அள்ளி, மணலில் ஏறி நடந்து கொடிகளுக்கு ஊற்றுகிற வேலை. அவரும் கதவில் கிடந்தவர். மிஸ் அவரிடம் போனபோது ஒழுங்கைக்கே கேட்டது.

"நாலு மாசம் மிஸ். நோ போகல்ல எண்டு வந்த நேரமெல்லாம் நீங்க திரும்பப் படுக்கச் சொன்ன மாதிரியே கிடந்தன். பாத்தி பாத்தியாக் கொடி காஞ்சி போச்சி. இப்ப வந்து பிழை எண்டு சொல்லுறீங்க. உங்களுக்கு இது லேசு."

மிஸ் வாசலிலேயே நின்று முழுக்கக் கேட்டார். "காஞ்ச கொடிய என்னால திருப்பித் தர ஏலா" என்றார் பிறகு. "மிச்சக் கொடிக்குத் தண்ணி ஊத்த வேணும். ரெண்டு பூவாளி உங்களுக்கு இப்ப பாரம் கூட. ஒண்ட நான் தூக்குறன், அரைப் பூவாளி நீங்க தூக்குங்க."

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி மிஸ் பூவாளியோடு வெற்றிலைத் தோட்டத்தில் நடந்ததை ஊரே வேலிக்கு மேலால் பார்த்தது. மிஸ் தண்ணீரைத் தன் காலிலேயே பாதி ஊற்றிக்கொண்டார். "இவவுக்கு நான்தான் படிப்பிக்க வேணும் போல" என்று தோட்டக்காரர் அலுத்துக்கொண்டே பூவாளி பிடிக்கிற விதத்தைக் காட்டிக்கொடுத்தார். நாலாவது சனிக்கிழமை அவர் இரண்டு பூவாளியையும் தானே எடுத்துக்கொண்டார்.

எல்லோரையும் நடக்கச் சொல்லிவிடுவார் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை புதன்கிழமை வரிசையில் நானும் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்து, "நேத்திலிருந்து சலம் போறது தெரியல்ல மிஸ்" என்று மெதுவாகச் சொன்னார். மிஸ் எழும்பி வெளியே ஓடினார். ஆஸ்பத்திரி வாகனம் இல்லை. ரோட்டில் போன உழவு இயந்திரத்தை மறித்து, அந்தப் பெண்ணைப் பெட்டியில் படுக்க வைத்து, தானும் ஏறி டவுனுக்குப் போனார். நாங்கள் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி வந்தோம். அன்றே சத்திரசிகிச்சை செய்தார்கள், அந்தப் பெண் பிறகு கம்பு பிடித்து நடந்தார் என்று கேள்விப்பட்டோம்.

மகளுக்கு ஏழு மாதமானபோது ஒருநாள் காலை ஷெல் விழத் தொடங்கியது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். அம்மா, "புள்ளய எடு, புள்ளய எடு" என்று கத்தினார். எடுத்தேன். ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் அம்மாவின் கை. வழியில் இரண்டு இடத்தில் வேலியோடு குந்தி, எழும்பி, திரும்ப ஓடினோம். கோயில் வீதியில் ஒரு மர நிழலில் போய் இருந்த பிறகு அம்மாவுக்கு மூச்சு வாங்கி முடிய நெடுநேரம் எடுத்தது. பேச்சு வந்ததும் அவர் கேட்டது, "நாரி நோகுதா புள்ள?"

அதுவரை எனக்கு நாரி ஒன்று இருக்கிற ஞாபகமே இல்லை. அடுத்த இரண்டு நாளும் நன்றாக நொந்தது. நான் எதையோ உடைத்துக்கொண்டேன் என்று பயந்து புதன்கிழமை போனேன். மிஸ் மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு பாரத்தத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் ஓடினா எனக்கும்தான் நோகும்" என்றார். பிறகு கைகளைத் தேய்த்துச் சூடாக்கி என் முதுகில் வைத்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வந்தது. போகுமுன் வந்து சொன்னார். பட்டியலில் ஒரு வீடும் மிச்சமில்லை என்றார். எனக்குத் தெரியும், ஒரு வீடு மிச்சம். அன்றும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் டவுன் பஸ் நிலையத்தில் என் சிநேகிதியின் தங்கச்சியைக் கண்டேன். அக்கா எப்படி என்று கேட்டேன். "இரிக்கா. ஆனா பாரம் ஒண்டும் தூக்கமாட்டா. தண்ணி அள்ளுறது மூத்தவன்தான். நோ கொஞ்சம் கூடினா உடனே பலகையில ஏறிருவா, ரெண்டு மூண்டு கிழமை எழும்ப மாட்டா. நீங்க எழுதின கடிதத்த இன்னும் வைச்சிரிக்கா" என்றாள். பஸ் நிலையத்தில் வைத்தே அந்த மூன்று கேள்விகளையும் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்றாள். அப்படியென்றால் என் சிநேகிதி எழும்பலாம். நான் எழும்பின மாதிரி.

பாதை திறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தபாலும் போகிறது. அவள் இருக்கிற வாகரைப் பக்கம் சில நாட்களில் பஸ்ஸும் ஓடுகிறது. அம்மா, "கடிதம் போடு, போதும். இந்தக் காலத்துல ஏன் அவ்வளவு தூரம்" என்கிறார். கணவர், "போறதெண்டா ஒரு சனிக்கிழமை மூண்டு பேரும் போவம்" என்கிறார். நான் போகத்தான் நினைக்கிறேன். பயம்தான். ஆனாலும் முதுகில் சட்டை நனைந்து எங்கள் வீட்டுக்கு வந்தவரைக் கண்டவளுக்கு, தபாலில் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. அவளை முற்றம் வரை இரண்டு தரம் நடக்க வைக்க வேண்டும். நோகுது என்பாள். நோகும் என்று சொல்ல எனக்கு இப்போது தெரியும். அவளால் எழும்ப முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சந்தேகப்படாத விடயங்கள் குறைவு.

ஆனால் ஒன்றில் மிஸ்ஸைப் பார்த்துச் செய்ய முடியாமல் இருக்கிறது. அவர் பிழையென்று தெரிந்த கையோடு வந்தார். நான் தெரிந்துகொண்டு நாலு வருடம் பேசாமல் இருந்தேன். இப்போதுதான் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொன்னால் அவள் நம்புவாள், சந்தோஷமாக எழும்புவாள், என் மேல் கோபமும் வராது. உண்மையைச் சொன்னால், கோபத்தில் நான் சொல்கிற எதையுமே கேட்காமல் பலகையிலேயே கிடந்துவிடுவாளோ என்றும் இருக்கிறது.

வாசிக்கிற உங்களில், இப்படி ஒரு பிழையைப் பிந்திப் போய்ச் சொன்னவர்கள் இருப்பீர்கள். சொல்லக் கேட்டவர்களும் இருப்பீர்கள். அவள் வாசலில் போய் நின்றதும் முதலில் எதைச் சொல்வது: "எழும்படி" என்றா, "எனக்கு அப்பவே தெரியும்" என்றா? தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த மாத முதற் சனிக்கிழமைக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.